45 நாள் சுழற்சியும் குழந்தை முயற்சியும்: ஆப், ஸ்ட்ரிப், ஸ்கேன், மாத்திரை – யாருக்கு எது?

கல்யாணமாகி மூன்று மாதம் ஆனதுமே "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிற ஊர் நம்முடையது. மாதம் தவறாமல் தலைக்குக் குளிக்கிறவளுக்கே அந்தக் கேள்வி எரிச்சல்தான். 40, 50, சில சமயம் 70 நாள் என்று இழுக்கிற பெண்ணுக்கோ அது இன்னும் மோசம். நாள் தள்ளும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் ஆசை வரும், அவளும் மெடிக்கலில் கிட் வாங்கிவந்து பார்ப்பாள், ஒற்றைக் கோடுதான் விழும். அதற்குப் பத்து நாள் கழித்து பீரியட்ஸ் வரும்.

இவளுக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஆபீஸ் தோழி ஆப் போடச் சொல்வாள். நாத்தனார் முட்டை வரும் நாளைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் ஸ்ட்ரிப்பை ஆன்லைனில் வாங்கச் சொல்வாள். பக்கத்து வீட்டு அக்கா கழற்சிக்காய்ப் பொடி கொடுப்பார். டவுனில் உள்ள சென்டரில் ஸ்கேனுக்கு வரச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து, எது எதற்காக என்று தெரியாமலேயே ஒரு வருடத்தை ஓட்டியவர்கள் நிறையப் பேர்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முட்டை என்றைக்கு வெளிவருகிறது என்பது ஒன்று. முட்டை வருகிறதா, வந்தால் வருடத்துக்கு எத்தனை தடவை என்பது இன்னொன்று. காசு கொடுத்து வாங்குகிற பொருட்களில் பெரும்பாலானவை முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நீண்ட சுழற்சிக்காரர்களுக்குப் பிரச்சினை பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கிறது. 28 நாள் சுழற்சிக்கு வருடத்தில் 13 வாய்ப்பு. 45 நாளுக்கு எட்டு. 60 நாளுக்கு ஆறு. அந்த ஆறிலும் ஒவ்வொன்றிலும் முட்டை வந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் முட்டை வராமலேயே ரத்தப்போக்கு வருவதுண்டு. எவ்வளவு விலையுயர்ந்த ஸ்ட்ரிப் வாங்கினாலும் ஆறு எட்டாகாது.

அந்த 14-ஆம் நாள்

முட்டை வெளிவந்த பிறகு அடுத்த பீரியட்ஸ் வரைக்குமான காலம் பெரும்பாலான பெண்களுக்கு 12 முதல் 14 நாள். அது அதிகம் மாறாது. மாறுவதெல்லாம் முட்டை வளர்வதற்கு எடுத்துக்கொள்கிற முதல் பகுதிதான். அதனால் 28 நாள்காரருக்கு 14-ஆம் நாளை ஒட்டி நடப்பது 45 நாள்காரருக்கு 31-ஆம் நாளை ஒட்டி நடக்கும். 'பத்திலிருந்து பதினெட்டுக்குள்' என்று யாரோ சொன்னதை நம்பி முயல்கிறவர்கள் முட்டை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே ஓய்ந்துவிடுகிறார்கள்.

கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் மொத்தம் ஆறு: முட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாட்கள். 1995-ல் அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும், முட்டைக்கோ ஆயுள் ஒரே நாள். ஆகவே முட்டை வந்தபின் ஓடுவதைவிட, வருவதற்கு முன்பே விந்தணு அங்கே காத்திருப்பதுதான் பலன் தரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ 24 முதல் 38 நாள் வரை உள்ள சுழற்சியை இயல்பு என்றே வைக்கிறது. தவறாமல் 36 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்கு வியாதி எதுவும் இல்லை, அவள் தன் நாளைச் சற்றுத் தள்ளிக் கணக்கிட்டால் போதும். ஒரு மாதத்துக்கும் இன்னொரு மாதத்துக்கும் ஒன்பது நாளுக்கு மேல் ஆடினாலோ, 38-ஐத் தாண்டிப் போனாலோதான் இந்தக் கட்டுரையின் மிச்சப் பகுதி.

நாளைக் கண்டுபிடிக்கும் வழிகள்

ஆப்பை முதலில் முடித்துவிடலாம். ஒரு பெண்ணின் கடைசி நான்கு சுழற்சிகள் 38, 52, 41, 67 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆப் சராசரி எடுக்கும்: ஏறக்குறைய 50. அதிலிருந்து 14-ஐக் கழித்து 36-ஆம் நாள் முட்டை வரும் என்று ஒரு பூவோ நட்சத்திரமோ போட்டுக் காட்டும். உண்மையில் அந்த நான்கு மாதங்களிலும் முட்டை வந்திருந்தால் அது 24, 38, 27, 53-ஆம் நாட்களை ஒட்டி வந்திருக்கும். நான்கில் ஒன்றுதான் ஆப் சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது. சராசரி என்பதே இவர்களுக்குப் பொருந்தாத கணக்கு. ஆனாலும் ஆப்பைத் தூக்கிப் போட வேண்டாம். பீரியட்ஸ் வந்த தேதிகளைக் குறித்துவைக்க அதைவிட வசதியானது இல்லை, டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். தேதியைக் குறிக்க ஆப், நாளைச் சொல்ல வேறு ஏதாவது.

அந்த வேறு ஏதாவதில் மிகவும் மலிவானது எதையும் கணக்கிடாமலே இருப்பது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால், முட்டை எந்த நாளில் வந்தாலும் அந்த ஆறு நாள் ஜன்னலுக்குள் விந்தணு இருந்தே தீரும். மருத்துவக் கையேடுகளும் இதைத்தான் முதலில் சொல்கின்றன. மனசுக்கும் இதுதான் நல்லது, 'இன்னைக்கு அந்த நாள், சீக்கிரம் வாங்க' என்று போனில் கூப்பிடும் அவலம் இல்லை. ஆனால் 60 நாள் சுழற்சியில் இரண்டு மாதமும் இப்படியே ஓடுவது எழுதுகிற அளவுக்கு எளிதல்ல. இருவரில் ஒருவர் நைட் ஷிப்ட், கூடவே மாமனார் மாமியார் இருக்கிற இரண்டு அறை வீடு, கணவருக்கு வேலை திருப்பூரில், வீட்டுக்கு வருவது சனிக்கிழமை ராத்திரி மட்டும் என்றால் இந்த வழி பெயரளவில்தான் இருக்கும்.

அப்போது கைகொடுப்பது வெள்ளைப்படுதலைக் கவனிப்பது. இதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை, வெள்ளை என்றாலே நோய் என்று நினைத்துச் சூட்டுக்கு மோர் குடிக்கச் சொல்லிவிடுவார்கள். முட்டை வருவதற்குச் சில நாள் முன்பு ஈஸ்ட்ரோஜன் கூடும்போது கர்ப்பப்பை வாயிலிருந்து வருகிற திரவம் மாறும். மற்ற நாட்களில் கெட்டியாக, தயிர்போல ஒட்டும் அல்லது ஒன்றுமே இருக்காது. அந்த நாட்களில் தெளிந்து, வழவழவென்று, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஆகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தால் அறுபடாமல் நூலாக நீளும். அது தெரிகிற நாளெல்லாம் முயற்சிக்கு உகந்த நாள். காசு கிடையாது, சுழற்சி எத்தனை நாளானாலும் செல்லும். எரிச்சலோ அரிப்போ துர்நாற்றமோ இருந்தால் அது வேறு, டாக்டரிடம் காட்ட வேண்டியது. நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஒரே சுழற்சியில் இரண்டு மூன்று தடவை இப்படி வந்து வந்து மறையவும் செய்யும். உடல் முட்டையை வளர்க்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு, திரும்ப முயல்கிறது என்று அதற்குப் பொருள். வரும்போதெல்லாம் பயன்படுத்திக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்ட்ரிப்புக்கு வருவோம். இதில்தான் அதிகம் பணம் கரைகிறது. சிறுநீரில் எல்ஹெச் என்கிற ஹார்மோன் ஏறுவதை அது காட்டும். ஏறியதிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வெளிவர வேண்டும். டெஸ்ட் கோடு கன்ட்ரோல் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அடர்த்தியாக விழுந்தால்தான் பாசிட்டிவ். மங்கலாக இரண்டு கோடு விழுந்ததைப் பார்த்துக் கர்ப்பக் கிட் நினைப்பில் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, இங்கே அந்த விதி செல்லாது. எப்போது தொடங்குவது? உங்கள் சுழற்சிகளில் மிகக் குறுகியதிலிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன பெண்ணுக்கு 38-ல் 17 போனால் 21. அன்றிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டே போனால், 67 நாள் இழுத்த மாதத்தில் 53-ஆம் நாள் வரை, அதாவது 33 ஸ்ட்ரிப். கடையில் விற்கும் சின்னப் பெட்டி 28 நாள்காரியை மனதில் வைத்துச் செய்தது, இவளுக்கு ஒரு வாரத்துக்குக்கூட வராது. மொத்தமாக ஆன்லைனில் வாங்கினால் கட்டுப்படியாகும்.

செலவைவிடப் பெரிய சிக்கல், பிசிஓஎஸ் (நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு டாக்டர்கள் வைத்த பெயர்) உள்ளவர்களில் பலருக்கு எல்ஹெச் எப்போதுமே கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நாலு நாள் தொடர்ந்து பாசிட்டிவ் காட்டும், முட்டை வந்திருக்காது. மூளையிலிருந்து உத்தரவு போனதை மட்டும்தான் ஸ்ட்ரிப்பால் பார்க்க முடியும். சினைப்பை அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததா என்று அதற்குத் தெரியாது. தைராய்டு, மன அழுத்தம், பயணம் போன்ற காரணங்களால் சுழற்சி நீண்டவர்களுக்கு ஸ்ட்ரிப் ஓரளவு நம்பகமானது. முகத்தில் முடி, பருக்கள், கழுத்தில் கறுப்புப் படிவு, ஸ்கேனில் நீர்க்கட்டி என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதை நம்பி மட்டும் இருக்கச் சொல்ல மாட்டேன்.

வெப்பநிலை பார்ப்பதற்கு நேர்மாறான குணம். முட்டை வெளிவந்த பின் புரோஜெஸ்ட்ரோன் என்கிற ஹார்மோன் சுரந்து உடல் சூடு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும், பீரியட்ஸ் வரை அப்படியே நிற்கும். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், பேசாமல், இரண்டு தசமம் காட்டும் தெர்மாமீட்டரில் பார்க்க வேண்டும். ஐந்து மணிக்குத் தண்ணீர் வருகிற தெருவில் இருப்பவளுக்கும், கைக்குழந்தை உள்ள அண்ணி வீட்டில் இருப்பவளுக்கும் இது நடக்கிற காரியமா? தவிர, சூடு ஏறியது தெரியும்போது முட்டையின் காலம் முடிந்துவிட்டது, அந்த மாதத்துக்கு உபயோகமில்லை. இருந்தும் ஒன்றுக்கு இது பயன்படும்: மூன்று நாள் தொடர்ந்து ஏறி நின்றால் முட்டை வந்தது என்பதற்குச் சாட்சி. ஏறிய சூடு 18 நாளாகியும் இறங்காவிட்டால் கர்ப்பக் கிட் வாங்கலாம். எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்றே சொல்ல முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி.

கடைசியாக ஸ்கேன். ஃபாலிக்குலர் ஸ்டடி என்று எழுதிக்கொடுப்பார்கள். பீரியட்ஸின் ஒன்பது, பத்தாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் உள்வழி ஸ்கேன். கையில் கொடுக்கும் சீட்டில் கட்டம் போட்டிருக்கும்: தேதி, எத்தனையாவது நாள், ஆர்.ஓ., எல்.ஓ., ஈ.டி. முதல் இரண்டும் வலது, இடது சினைப்பைகள். அதற்கு நேராக '14 x 13' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் ஒரு முட்டைப்பை 14 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. 'எம்எஸ்எஃப்' என்றிருந்தால் சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறது, எதுவும் முந்தவில்லை என்று பொருள். ஈ.டி. என்பது கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமன். முந்துகிற முட்டைப்பை நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்து, 18-லிருந்து 24-க்குள் எங்கோ வெடிக்கும். வெடித்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்வது இந்த ஒரு முறைதான்.

ஆனால் மருந்தில்லாத நீண்ட சுழற்சிக்கு இதைச் செய்வதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி. 50 நாள் சுழற்சிக்காரி பத்தாம் நாளிலிருந்து 36 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் போனால் 14 ஸ்கேன். ஒவ்வொரு தடவையும் பாதி நாள் லீவு, பஸ், வரிசையில் காத்திருப்பு, சீட்டில் அதே எம்எஸ்எஃப். ஸ்கேனை மாத்திரையோடு சேர்த்தால்தான் அது காசுக்குப் பெறும்.

கடைக்குப் போவதற்கு முன் லேபுக்கு

ஒரு வருடம் முயன்றுவிட்டு வாருங்கள் என்பது சீரான சுழற்சி உள்ள 35 வயதுக்குட்பட்டவர்களுக்கான விதி. 35-ஐத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதம். சுழற்சியே ஒழுங்கில்லாதவர்கள் முயற்சி தொடங்கும்போதே டாக்டரைப் பார்த்துவிடலாம், இதற்குக் காத்திருப்புக் காலம் ஒன்றும் இல்லை.

டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை), புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்) இரண்டும் முதலில். தைராய்டு குறைந்தாலோ புரோலாக்டின் கூடினாலோ சுழற்சி நீளும், மாத்திரை போட்டுச் சரியானால் முட்டையும் தானாக வரத் தொடங்கும். நீர்க்கட்டி சந்தேகம் இருந்தால் சர்க்கரைச் சோதனையும் உண்டு. அடுத்தது புரோஜெஸ்ட்ரோன் ரத்தப் பரிசோதனை. '21-ஆம் நாள் டெஸ்ட்' என்ற பெயரிலேயே இது பிரபலம், அங்கேதான் கோளாறு. 28 நாள்காரிக்கு 21-ஆம் நாள் என்பது முட்டை வந்து ஒரு வாரம். 45 நாள்காரிக்கு அன்றைக்கு முட்டை வளரவே தொடங்கியிருக்காது. ரிசல்ட் குறைவாக வரும், 'முட்டையே வரலை' என்று சீட்டில் ஏறிவிடும். அவள் அதை அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு, அதாவது 38-ஆம் நாளை ஒட்டி எடுக்க வேண்டும். நாள் நிச்சயமில்லாதவர்கள் ஒருமுறை எடுத்து, பீரியட்ஸ் வரும் வரை வாரமொருமுறை திரும்ப எடுக்கச் சொல்வார்கள். 3 நானோகிராமுக்கு மேல் வந்தால் முட்டை வந்திருக்கிறது. இந்த ஒரு சோதனை பல மாத ஸ்ட்ரிப் செலவை மிச்சம் பிடிக்கும், ஏனென்றால் அது இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறது.

கணவருக்கு விந்தணுப் பரிசோதனை. குழந்தையில்லாத தம்பதிகளில் பாதிப் பேர் வரை ஆணின் பங்கும் இருக்கிறது. மனைவிக்குப் பீரியட்ஸ் ஒழுங்காக இல்லை என்பதாலேயே குறை முழுக்க அவள் தலையில் விழுந்து, ஒரு வருட மாத்திரைக்குப் பிறகு கணவருக்குக் கவுண்ட் குறைவென்று தெரியவருவது நடக்கிற கதைதான். இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு ஒரு மாதிரி கொடுத்தால் தீர்ந்தது.

'நீர்க்கட்டி' பற்றி ஒரு வார்த்தை. ஸ்கேனில் தெரிவது பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். கரைக்கவோ வெட்டி எடுக்கவோ வேண்டிய கட்டி அல்ல. ஒழுங்கற்ற சுழற்சி, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அந்தத் தோற்றம் (2023 சர்வதேச வழிகாட்டியின்படி அதற்குப் பதிலாக ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையும் செல்லும்) ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு நோய் இல்லையென்றால் பிசிஓஎஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது.

வாய்ப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுபவை

உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வரத் தொடங்கும். 75 கிலோ உள்ளவர் ஐந்தாறு கிலோ குறைப்பது. இதில் சந்தேகமில்லை. எனக்கு ஒவ்வாதது, 'வெயிட்டைக் குறைச்சிட்டு வாம்மா' என்று 36 வயதுக்காரியை ஒரு வருடம் திருப்பி அனுப்புவது. 26 வயதில் ஆறு மாதம் எடைக்காக ஒதுக்கலாம். 36-ல் இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். ஒல்லியாக இருந்தும் பிசிஓஎஸ் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எடையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. சாப்பாட்டைக் குறைத்தும் அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்தும் பீரியட்ஸ் நின்றவர்கள் எடை கூட்ட வேண்டும்.

உளுந்தங்களி, வெந்தயம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள், உணவுதானே. கழற்சிக்காய், தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணம் போன்றவற்றை எடுப்பதானால் சித்த மருத்துவரிடம் நேரில் காட்டி எடுங்கள், முட்டைக்கு மாத்திரை தருகிற டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். மாத்திரைக்குச் சமமாக இவை முட்டை வரவைக்கும் என்று சொல்லத்தக்க பெரிய சோதனைகள் இல்லை.

மாத்திரைகளில் மூன்று பெயர்கள் அடிபடும்: லெட்ரோசோல், குளோமிஃபீன், மெட்ஃபார்மின். குளோமிஃபீன் 1960-களிலிருந்து புழக்கத்தில் உள்ளது, அம்மாக்கள் காலத்து மருந்து. லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. கூகுளில் பெயரைத் தட்டினால் புற்றுநோய் என்றுதான் முதலில் வரும், பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு மாத்திரையைப் போடாமலே வைத்துவிடுகிறார்கள். இந்தியாவில் குழந்தைப்பேறுக்கு இதைப் பயன்படுத்த 2011-ல் மத்திய அரசு தடை விதித்திருந்தது, 2017-ல் அந்தத் தடை நீங்கியது. 'அது பேன் பண்ணின மாத்திரையாச்சே' என்று இன்றும் சிலர் சொல்வது அதன் மிச்சம். முட்டைக்கு இதை ஐந்து நாள்தான் தருகிறார்கள், கரு உண்டாகும் நேரத்துக்குள் பெரும்பகுதி உடலை விட்டுப் போய்விடும்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்கள், ஐந்து சுற்று வரை மருந்து. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம். குளோமிஃபீன் உள்சவ்வை மெலியவைக்கும் குணமுள்ளது, முட்டை வந்தும் கரு பதியாமல் போவதற்கு அது ஒரு காரணம். இன்றைய சர்வதேச வழிகாட்டி பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு லெட்ரோசோலைத்தான் முதலில் வைக்கிறது.

மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு உதவும், சுழற்சியையும் ஓரளவு ஒழுங்காக்கும். ஆனால் குழந்தைக்காக அதை மட்டும் நம்ப முடியாது. 2007-ல் 626 பெண்களிடம் நடந்த ஆய்வில் மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்குத்தான் குழந்தை, குளோமிஃபீனில் 22.5 சதவீதம். வயிற்றுப்போக்கும் குமட்டலும் வேறு. ஒரு வருடமாக மெட்ஃபார்மின் மட்டும் போட்டுக்கொண்டு 'ட்ரீட்மென்ட்ல இருக்கோம்' என்று நினைப்பவர்கள், முட்டைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பீரியட்ஸ் வரவைக்கும் மாத்திரையை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. ஐந்து பத்து நாள் போட்டு நிறுத்தினால் ரத்தப்போக்கு வரும், ஆனால் அது முட்டை வந்ததற்கு அடையாளம் அல்ல. புதிய சுற்றைத் தொடங்க ஒரு கோடு கிழிக்கிற வேலை, அவ்வளவுதான். 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் உள்சவ்வு தடிப்பதைத் தவிர்க்க அது தேவை. போடுவதற்கு முன் கர்ப்பக் கிட் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மூரில் அதிகம்.

ஐயூஐ (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது), ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) பேச்சு இப்போதெல்லாம் முதல் சந்திப்பிலேயே வந்துவிடுகிறது. முட்டை வராததுதான் ஒரே குறை, கருக்குழாய் திறந்திருக்கிறது, விந்தணு நன்றாக இருக்கிறது என்றால் லெட்ரோசோலோடு வீட்டு முயற்சிக்குச் சில சுற்று கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பிசிஓஎஸ்ஸுக்கான அந்தச் சர்வதேச வழிகாட்டியில் மாத்திரை பலிக்காதபோதுதான் ஊசி மருந்தும் லேப்ரோஸ்கோபி வழி சினைப்பையில் துளையிடுவதும் வருகின்றன, ஐவிஎஃப் அதற்கும் பின்னால். குழாய் அடைப்போ விந்தணு மிகக் குறைவோ இருந்தால் இந்த வரிசை பொருந்தாது, அதற்காகத்தான் சோதனைகளை முதலில் சொன்னேன். மாத்திரையும் அடிப்படை ஸ்கேனும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகளிர் பிரிவிலும் கிடைக்கும், இதற்குத் தனியார் சென்டர்தான் கதி என்றில்லை.

அப்படியானால் யாருக்கு எது

வயது 30-க்குள், சுழற்சி 35-லிருந்து 42-க்குள் ஓரளவு சீராக, ஒரு புரோஜெஸ்ட்ரோன் சோதனையில் முட்டை வருவது உறுதி என்றால் நான் மாத்திரைக்கு அவசரப்படமாட்டேன். வெள்ளைப்படுதலைக் கவனித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை என்ற வழியில் ஆறு மாதம். ஸ்ட்ரிப் இஷ்டமிருந்தால். சுழற்சி 45-க்கு மேல் அல்லது கணிக்கவே முடியாமல் ஆடுகிறது என்றால், ஸ்ட்ரிப்பிலும் தெர்மாமீட்டரிலும் மாதங்களைப் போக்காமல் சோதனைகளை முடித்துவிட்டு லெட்ரோசோல் பற்றிப் பேசுவேன். முதல் சுற்றில் மட்டுமாவது ஸ்கேன் வேண்டும்: மருந்துக்கு எத்தனை முட்டை வளர்கிறது, எந்த நாளில் வெடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஒன்றுக்கு மேல் நிறைய வளர்ந்தால் இரட்டைக் குழந்தைக்கு வாய்ப்பு கூடும், அந்த மாதம் விட்டுவிடச் சொல்லக்கூடும். வயது 35-க்கு மேல் என்றால் எல்லாமே உடனடியாக.

கணவர் வளைகுடாவில், வருடத்துக்கு ஒரு மாத லீவில் வருகிறவர் என்றால் கணக்கே வேறு. 55 நாள் சுழற்சியில் அந்த ஒரு மாதம் முட்டையே இல்லாத மாதமாகவும் அமையும். லீவுத் தேதி தெரிந்ததுமே டாக்டரிடம் சொன்னால், பீரியட்ஸ் வரவைக்கும் மாத்திரையைக் கணக்காகக் கொடுத்து, அவர் வந்திறங்கும் வாரத்தில் சுற்று தொடங்கும்படி செய்து, லெட்ரோசோலும் ஸ்கேனும் அந்த 30 நாளுக்குள் அடங்கும்படி பார்க்க முடியும். மனைவியின் சோதனைகள் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விந்தணுச் சோதனை அவர் வந்த முதல் வாரத்திலேயே. இந்தத் தம்பதிக்கு மட்டும் ஸ்ட்ரிப்பும் ஸ்கேனும் எதுவும் வீண் இல்லை.

எந்த வழியானாலும் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இன்றே தொடங்க வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். எப்போதுமே நாள் தள்ளிப்போகிறவளுக்கு அதற்குள் சந்தேகம்கூட வந்திருக்காது.

இரண்டு கோடு விழுந்த பிறகும் நீண்ட சுழற்சி ஒரு வேலை காட்டும். கடைசிப் பீரியட்ஸ் தேதியிலிருந்து எண்ணி 'ஏழு வாரம்' என்று ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். முட்டை 31-ஆம் நாள் வந்த பெண்ணுக்கு உண்மையில் அது நாலரை வாரம்தான். இதயத் துடிப்பு தெரியாது, சில சமயம் கரு இருக்கும் பையே தெளிவாகத் தெரியாது. 'வளர்ச்சி இல்லை, கிளீன் பண்ணணும்' என்று அங்கேயே ஒரு பேச்சு கிளம்பினால், ரத்தப்போக்கோ கடும் வலியோ இல்லாதவரை பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறு ஸ்கேன் கேளுங்கள். ஸ்ட்ரிப் பாசிட்டிவ் ஆன தேதி, முட்டை வெடித்த ஸ்கேன் சீட்டு, லெட்ரோசோல் போட்ட நாட்கள் என்று எது கையில் இருக்கிறதோ அதைக் காட்டி, கடைசிப் பீரியட்ஸ் தேதிக்குப் பக்கத்தில் 'சுழற்சி 45 நாள்' என்று சீட்டிலேயே எழுதவைத்துவிடுங்கள். பிரசவத் தேதியையும் முதல் மூன்று மாத ஸ்கேனை வைத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பதாம் மாதத்தில் 'நாள் தாண்டிவிட்டது' என்று இரண்டு வாரம் முன்பே வலி வரவைக்க மருந்து ஏற்றிவிடுவார்கள்.